ஒரு வருசப் படிப்பும் ஒரு முதலாளியின் கையெழுத்தும்

முற்குறிப்பு: பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தில் எழுதியது. பொறுமை இல்லாதவர்கள் கடைசி நாலு பந்தியை மட்டும் வாசித்துவிட்டுத் திட்டலாம்.

போன மாதம் இங்கே லண்டனில் ஒரு சாமத்தியவீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருந்தவர் எனக்கு நல்லாகத் தெரிந்த ஒரு அங்கிள். நான் பல் கிளினிக்கில் வேலை என்பது அவருக்கும் தெரியும். வடையைப் பிய்த்துக்கொண்டே தொடங்கினார்.

"பிள்ளை, என்ர பேத்திக்கு பிறேஸ் போட்டவை. டொக்டர் அஞ்சு நிமிசம் வந்து எட்டிப் பாத்ததோட சரியாம். மிச்சமெல்லாம் ஒரு பெட்டைதான் செய்தவளாம். விசாரிச்சால் அவள் ஒரு வருசம்தான் படிச்சவளாம். இப்பிடி அரைகுறையளை வாய்க்குள்ள கை வைக்க விட்டால் என்ன நாடு இது?"

அந்த 'அரைகுறை'யாக வருவதற்கு நான் மூன்று வருசமாக அலைகிறேன் என்பது அங்கிளுக்குத் தெரியாது. எனக்கு வடை இறங்கவில்லை.

விசயத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டையின் வேலைக்குப் பெயர் ஓர்த்தோடொன்ரிக் தெரபிஸ்ற். பிரித்தானியாவில் 2007-இல்தான் இதற்கான முதல் கோர்ஸ்கள் தொடங்கின. பல்லை நேராக்கும் சிறப்பு வைத்தியர் (ஓர்த்தோடொன்ரிஸ்ற்) வாயைப் பார்த்து, எக்ஸ்ரே பார்த்து, திட்டம் போடுவார். அந்தத் திட்டத்தின்படி பிறக்கற் ஒட்டுவது, வயர் மாற்றுவது, அச்சு எடுப்பது, எல்லாம் முடிந்தபிறகு பசையைச் சுரண்டித் துப்புரவாக்குவது, இவையெல்லாம் தெரபிஸ்ற்றின் வேலை. நோய் என்னவென்று தீர்மானிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. திட்டம் போட ஏலாது. விறைப்பு ஊசி போட ஏலாது. டொக்டர் சொன்ன வயரைத் தன்பாட்டில் வளைத்து மாற்றவும் கூடாது. 2013-இல் பல் துப்புரவாக்கும் ஹைஜீனிஸ்ற்றுகளும் டென்ரல் தெரபிஸ்ற்றுகளும் டொக்டரின் சீட்டு இல்லாமலே நோயாளியைப் பார்க்கலாம் என்று ஜெனரல் டென்ரல் கவுன்சில் கதவைத் திறந்தபோதுகூட, ஓர்த்தோ தெரபிஸ்ற்றுக்குத் திறந்தது ஒரு சின்ன யன்னல்தான். பிள்ளையின் பல்லைப் பார்த்து, சிகிச்சை எவ்வளவு தேவை என்று 1 முதல் 5 வரை தரம் பிரிக்கலாம். அவ்வளவுதான்.

அப்ப ஒரு வருசம் போதுமா?

அங்கிளிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான்: "நீங்கள் ஊரில சின்னப்பிள்ளையா இருக்கேக்க பள்ளிக்கூடத்தில ஆர் உங்கட பல்லைப் பாத்தது? டொக்டரோ?" கொஞ்சம் யோசித்தார். "இல்லை, ஒரு நேர்ஸ் அக்கா." அந்த அக்காமார் படித்தது இரண்டு வருசம். நியூசிலாந்து 1921-இலேயே தொடங்கிய திட்டம் அது. பெண்களை எடுத்து, இரண்டு வருசம் பயிற்சி கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பிள்ளைகளுக்குப் பல் அடைக்கவும் பிடுங்கவும் விட்டார்கள். 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் அதே நியூசிலாந்தின் உதவியோடு மகரகமையில் பயிற்சிப் பள்ளி வந்தது. ஒரு தலைமுறை இலங்கைப் பிள்ளைகளின் பல் அந்த அக்காமாரின் கையில்தான் இருந்தது. அந்தப் பல்லால்தான் அங்கிள் வடை கடித்துக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1960-இல் லண்டன் நியூ குரொசில் ஒரு பயிற்சிப் பள்ளியைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். 1983-இல் மூடினார்கள். அங்கே படித்தவர்களைச் சாதாரணப் பல் கிளினிக்குகளில் வேலை செய்ய 2002 வரைக்கும் விடவில்லை. வேலை தெரியாது என்பதாலா? இல்லை. யாருடைய வேலையை யார் செய்வது என்ற இழுபறி.

ஆக, 'வருசம் எத்தனை' என்பது பழைய சண்டை. அந்த ஒரு வருசத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கோர்ஸ்கள் பெரும்பாலும் இப்படித்தான்: முதல் கொஞ்ச வாரம் முழுநேர வகுப்பு. மெழுகில் செருகின பொய்ப்பல்லில் ஒட்டிப் பழகுவது. பிறகு தன் கிளினிக்குக்குத் திரும்பி, அங்கேயுள்ள சிறப்பு வைத்தியரின் கண்காணிப்பில் உண்மையான நோயாளிகளில் செய்வது. இடையிடையே வகுப்பு நாட்கள். செய்த ஒவ்வொரு வேலையையும் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். கடைசியில் எழுத்துப் பரீட்சை, வாய்மொழிப் பரீட்சை. பாஸ் பண்ணினால் கவுன்சிலில் பதிவு. அதோடு முடியாது. ஐந்து வருசத்துக்கு 75 மணித்தியாலம் தொடர்கல்வி காட்டவேண்டும்.

சேருகிறவர்களும் ரோட்டால் போனவர்கள் இல்லை. பெரும்பாலும் என்னைப் போல வருசக்கணக்காகக் கதிரைக்குப் பக்கத்தில் நின்ற டென்ரல் நேர்ஸ்மார். பிறக்கற் ஒட்டுவதற்கு முதல் பல்லில் பொஸ்போரிக் அசிட் ஜெல் பூசிக் கழுவிக் காயவைக்கவேண்டும். சரியாகக் காய்ந்தால் பல் சுண்ணாம்பு பூசினமாதிரி வெள்ளையாகத் தெரியும். அந்த நேரத்தில் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் பிழைத்தது. நீல வெளிச்சம் அடித்து ஒட்டினாலும் அடுத்த கிழமை பிள்ளை அப்பம் சாப்பிட பிறக்கற் கையோடு வரும். இதைப் புத்தகத்தில் வாசித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 11 வருசமாக எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்று தெரிந்துகொண்டேன்.

சரி, அப்ப என் கோபம் எதில்?

படிப்பு ஒரு வருசம் என்பதில் இல்லை. அந்த ஒரு வருசம் யார் கையில் இருக்கிறது என்பதில்.

நான் நாலு கோர்ஸின் விண்ணப்பப் படிவம் எடுத்துப் பார்த்துவிட்டேன். நாலிலும் ஒரு பக்கம் ஒரேமாதிரி: உன்னைப் பயிற்றுவிக்க ஒப்புக்கொண்ட சிறப்பு வைத்தியரின் பெயர், கிளினிக், கையெழுத்து. அது இல்லாமல் உள்ளே போக ஏலாது. எத்தனை வருச அனுபவம் இருந்தாலும், வேறு என்னென்ன சான்றிதழ் வைத்திருந்தாலும் சரி. முதலில் ஒரு முதலாளி மனம் வைக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் கோர்ஸ்காரர் உன் முகத்தையே பார்ப்பார்கள்.

என் முதலாளி நல்ல மனிசன். முதல் வருசம் கேட்டேன், "அடுத்த வருசம் பாப்பம்" என்றார். இரண்டாவது வருசம் கேட்டேன், "நீ போனால் எனக்கு ஆர் நேர்ஸ்?" என்றார். மூன்றாவது வருசம் ஒரு ஒப்பந்தத்தை நீட்டினார். படிப்புக் காசு அவர் கட்டுவார். நான் முடித்தபிறகு மூன்று வருசம் அவரிடமே இருக்கவேண்டும். இடையில் போனால் முழுக் காசையும் திருப்பிக் கட்டவேண்டும். அந்த மூன்று வருசத்துக்கான சம்பளம் என்னவென்று மட்டும் அந்தத் தாளில் இல்லை. 'அது பிறகு கதைப்பம்' என்றார். நான் கையெழுத்து வைக்கவில்லை. ஊரில் வெளிநாட்டு ஏஜென்சிக்குக் காசு கட்டின கதையெல்லாம் கேட்டு வளர்ந்த ஆள் நான்.

"அவரின்ர பக்கமும் யோசியுங்கோ" என்று பின்னூட்டத்தில் ஒருவர் கட்டாயம் வருவார். யோசித்தேன். ஒரு பயிற்சியாளை வைத்திருந்தால் டொக்டருக்கு நேரம் போகும். ஒரு மணித்தியாலத்தில் முடிக்கிற வேலை முதல் மாதங்களில் இரண்டு மணித்தியாலம் எடுக்கும். சம்பளமும் கொடுக்கவேண்டும். முடிந்த அடுத்த நாள் அவள் ரோட்டுக்கு அந்தப்பக்கக் கிளினிக்கில் கூடச் சம்பளத்துக்குப் போய்விட்டால் அவருக்கு நட்டம்தான். உண்மை. அதனால்தான் சொல்கிறேன், இந்தச் சுமையைத் தனி முதலாளியின் தலையில் வைத்ததே பிழை. தலையில் சுமை வைத்தால் அவர் சங்கிலி தேடுவார். சங்கிலி எங்கள் காலில்.

இதைவிட மோசமான பக்கம் ஒன்று இருக்கிறது. அது அங்கிளின் பேத்திக்கும் பொருந்தும்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை வேறொரு ஊரில் இந்தக் கோர்ஸ் செய்தாள். ஒருநாள் பின்னேரம், வேலை தலைக்கு மேல். பயிற்றுநர் பக்கத்து அறையில் இருந்து சொன்னாராம், "அந்த வயரைக் கொஞ்சம் வளைச்சுவிடு, எனக்கு வர நேரமில்லை." அது அவள் செய்யக்கூடாத வேலை. அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். செய்தால் கவுன்சிலுக்குப் பதில் சொல்லவேண்டியது அவளும்தான், 'டொக்டர் சொன்னவர்' என்று தப்ப ஏலாது. செய்யாவிட்டால்? சம்பளம் கொடுப்பவர் அவர். பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைப்பவர் அவர். படிப்புக் காசு கட்டினவர் அவர். விட்டுவிட்டுப் போனால் காசைத் திருப்பிக் கேட்கப்போகிறவரும் அவர். முதலாளி, வாத்தியார், கடன்காரன் மூன்றும் ஒரே ஆளாக இருந்தால் ஒரு மாணவி எப்படி 'ஏலாது' என்று சொல்லுவாள்? அவள் அன்றைக்குச் சொன்னாள். அடுத்த ஆறு மாதம் எப்படிப் போனது என்று அவளிடம்தான் கேட்கவேண்டும்.

நோயாளியின் பாதுகாப்பு என்று கத்துகிறவர்கள் இதைப் பற்றிக் கத்துங்கோ. ஒரு வருசம் படித்தவளால் உங்கள் பிள்ளைக்கு ஆபத்து வருமோ இல்லையோ, 'ஏலாது' என்று சொல்ல முடியாதவளால் கட்டாயம் வரும்.

வழி இல்லையா? வழி இந்த நாட்டிலேயே, இந்தத் துறையிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் பல் வைத்தியப் பட்டம் முடித்து வெளியே வரும் புது டொக்டர்மார், என்.எச்.எஸ். கிளினிக்கில் வேலை செய்வதற்கு முதல் ஒரு வருசம் பயிற்சி எடுக்கவேண்டும். அவர்கள் வீடு வீடாகப் போய் 'என்னைப் பழக்குவீர்களா' என்று கேட்பதில்லை. பொதுவான விண்ணப்பம். அங்கிருந்து கிளினிக்குகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். பயிற்சிக்கால சம்பளம் என்.எச்.எஸ். காசு. பழக்குகிற டொக்டருக்கும் தனியாகக் கொடுப்பனவு. ஐந்து வருசம் படித்த டொக்டருக்கு ஒரு வருசம் காவலும் காசும் இருக்கிறது. எச்சில் குழாய் பிடித்து நின்ற நேர்ஸுக்கு? என் விசயத்தில் ஒரு பென்னியும் இல்லை.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, முதலில் ஆளைத் தெரிவு செய்யுங்கள், பிறகு பயிற்றுநரோடு இணையுங்கள். கையெழுத்துப் பக்கம் விண்ணப்பத்தின் கடைசியில் வரட்டும். இரண்டு, பயிற்றுநரின் நேரத்துக்குப் பொதுக்காசில் கொடுப்பனவு கொடுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, தரம் 4, 5 என்றால் இந்தச் சிகிச்சை என்.எச்.எஸ்.இல் இலவசம். ஆனால் பல இடங்களில் வருசக்கணக்கில் வரிசை. அந்த வரிசையைக் குறைக்கிற கைகளைப் பழக்குவது பொதுவேலை இல்லையா? மூன்று, பதிவுப் புத்தகத்தில் வேறொரு கிளினிக்கின் சிறப்பு வைத்தியரும் இடைக்கிடை கையெழுத்து வைக்கட்டும். சம்பளம் கொடுக்காத ஒருவர், மாணவி பயப்படாமல் கதைக்கக்கூடிய ஒருவர்.

அங்கிளுக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்க ஐஸ்கிரீம் வந்துவிட்டது. "அப்ப நீ கெதியா அந்தக் கோர்ஸைச் செய் பிள்ளை, என்ர பேத்திக்கு நீயே செய்யலாம்" என்றார். எந்த அரைகுறையைத் திட்டினாரோ அதுவாகவே என்னை வரச்சொல்கிறார் பாருங்கோ. பெரிய மனசுதான்.

இந்த வருசப் படிவமும் மேசையில் இருக்கிறது. என் பெயர், பதிவு இலக்கம், அனுபவம் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. அந்த ஒரு பக்கம் மட்டும் வெறுமை. திங்கட்கிழமை திரும்பவும் கேட்கப்போகிறேன்.

பி.கு: ஓர்த்தோடொன்ரிக் தெரபிஸ்ற்றுக்கு நல்ல தமிழ்ச்சொல் தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கோ. 'அரைகுறை' ஏற்கெனவே வந்துவிட்டது, அதைத் தவிர.