இலவசமா இலங்கையை வீழ்த்தியது?



2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம், இலங்கையின் வடபகுதியிலிருந்து சில குடும்பங்கள் படகேறி இராமேசுவரம் பக்கம் வந்து கரை சேர்ந்தன. குண்டுவீச்சுக்கு அஞ்சி வந்தவர்களை நாம் முன்பு கண்டிருக்கிறோம். இவர்களோ அரிசி விலைக்கும் பால்மா விலைக்கும் அஞ்சி வந்தவர்கள். அந்நாள்களில் அங்கே சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டு மே மாதம் தமிழக அரசு அரிசி, பால்மா, மருந்து ஆகியவற்றைக் கப்பலில் அனுப்பி வைத்தது.

அதுமுதல் நம் ஊர்த் தேநீர்க் கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஒரு கருத்தை அடிக்கடி கேட்கிறோம். "எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் நாமும் இலங்கையைப் போல ஆகிவிடுவோம்" என்கிறார்கள். இது உண்மைதானா? இதற்கு நாம் காணும் விடை முக்கியமானது. ஏழைப் பிள்ளையின் சத்துணவுக்கும் அரசு மருத்துவமனைக்கும் ஒதுக்கும் பணம் வளர்ச்சிக்கு விதையா, வீண்செலவா என்பதை அதை வைத்துத்தான் நாம் முடிவு செய்வோம். ஆகவே சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

இலங்கையில் கல்வி இலவசமானது 2019-இலோ 2020-இலோ அல்ல. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945-இலேயே மழலையர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி வைத்தியம் பார்த்தார்கள். இதன் பலன் என்ன? எழுத்தறிவு 90 விழுக்காட்டைத் தாண்டியது. மக்களின் சராசரி ஆயுள் 75 ஆண்டுகளுக்கு மேல் உயர்ந்தது. பிரசவத்தில் தாய்மார் இறப்பது தெற்காசியாவிலேயே மிகக் குறைந்த நாடுகளில் ஒன்றாக அது விளங்கியது. 2019-இல் உலக வங்கி இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடுகளின் வரிசையில் வைத்தது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும்தான் ஒரு நாட்டைத் திவாலாக்கும் என்றால், அதற்கு முக்கால் நூற்றாண்டு ஆகியிருக்குமா?

அப்படியானால் வளர்ச்சியைத் தடுத்தது எது? முதலாவது, பகை. 1948-இல் விடுதலை பெற்ற அதே ஆண்டில், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த பல இலட்சம் மலையகத் தமிழர் குடியுரிமை இழந்தனர். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1983 சூலைக் கலவரத்துக்குப் பின் மூண்ட போர் 2009 வரை நீடித்தது. இலவசக் கல்வி உருவாக்கிய மருத்துவர்களும் பொறியாளர்களும் கணக்காளர்களும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் சென்றனர். விதைத்தவர் ஒருவர், அறுவடை செய்தவர் வேறொருவர். நான்கு மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்ற சிங்கப்பூர் எங்கே நிற்கிறது என்பதை நாம் அறிவோம்.

இரண்டாவது, கடன். 2007 முதல் இலங்கை அரசு வெளிநாட்டுச் சந்தையில் டாலர் கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டத் தொடங்கியது. கடன் வாங்குவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. கிணறு வெட்டக் கடன் வாங்கிய விவசாயி, விளைச்சலில் அதை அடைத்துவிடலாம். கல்யாணப் பந்தலுக்கு வாங்கினால்? 2013-இல் திறந்த மத்தள விமான நிலையத்துக்குப் போதிய விமானங்கள் வரவில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. டாலரில் கடன் ஏறியது. டாலர் ஈட்டித் தரும் ஏற்றுமதியோ அதற்கேற்ப வளரவில்லை.

மூன்றாவது, வரி. 2019 தேர்தலுக்குப் பின் மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. வேறு பல வரிகளும் குறைந்தன, சில நீக்கப்பட்டன. 2021-இல் அரசின் வரி வருவாய் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கொடுத்த இலவசத்தைவிட, வாங்காமல் விட்ட வரியே கசானாவைக் காலி செய்தது எனலாம்.

நான்காவது, உரம். 2021-இல் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. இயற்கை வேளாண்மை நல்லதுதான். ஆனால் மண்ணைப் பழக்க ஆண்டுகள் பல வேண்டும். சில மாதங்களிலேயே தடையை விலக்க வேண்டி வந்தது. எனினும் அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

2019 உயிர்ப்புப் பெருவிழா அன்று நடந்த குண்டுவெடிப்புகளும், பின்பு வந்த கொரோனாவும் சுற்றுலா வருமானத்தை முறித்தது உண்மை. ஆனால் கொரோனா எல்லா நாடுகளுக்கும் வந்தது. 2021-இல் வங்கதேசமே இலங்கைக்கு 20 கோடி டாலர் கைமாற்றுக் கொடுத்தது. புயல் எல்லா வீட்டின் மேலும் அடிக்கிறது, செல்லரித்த உத்திரம்தான் முதலில் விழுகிறது.

அந்த உத்திரத்தை அரித்தது எது? வரிக் குறைப்பு ஆபத்தானது என்று பொருளியல் அறிஞர்கள் எச்சரித்தார்கள். உரத் தடை வேண்டாம் என்று வேளாண் அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். கேட்பார் இல்லை. 2020 அக்டோபரில் நிறைவேறிய 20-ஆம் அரசியல் சட்டத்திருத்தம் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவர் கையில் குவித்தது, சுதந்திர ஆணைக்குழுக்களை வலுவிழக்கச் செய்தது. 2021-இல் குடியரசுத் தலைவர், பிரதமர், நிதியமைச்சர் மூவரும் உடன்பிறந்த சகோதரர்கள். தம்பியை அண்ணன் கேட்பாரா, அண்ணனைத் தம்பி கேட்பாரா? உயிர்ப்புப் பெருவிழா குண்டுவெடிப்பிலும் இதே கதைதான். முன்னெச்சரிக்கை வந்தும் செயல்படவில்லை என்று, முன்னாள் குடியரசுத் தலைவர் சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென 2023 சனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், பொருளாதார வீழ்ச்சிக்கு இராசபக்ச சகோதரர்களும் வேறு சில உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்றும், மக்கள் வைத்த நம்பிக்கையை அவர்கள் மீறினர் என்றும் அது கூறியது.

தவற்றின் விலையைச் செலுத்தியவர்கள் யார்? 2022 ஏப்ரலில் வெளிக்கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசு அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ 70 விழுக்காடு உயர்ந்திருந்தது. நால்வரில் ஒருவர் வறுமையில் வீழ்ந்ததாக உலக வங்கி மதிப்பிட்டது. 2024-இல் பொருளாதாரம் மீண்டும் 5 விழுக்காடு வளர்ந்தது, மகிழ்ச்சியே. ஆனால் அன்று 8 ஆகக் குறைத்த அதே வரி, 2024 சனவரியில் 18 ஆயிற்று. தேயிலை கிள்ளும் தாயும் கொழும்பு வணிகரும் கடையில் ஒரே வரியைத்தான் கட்டுகிறார்கள்.

ஆகவே அன்பர்களே, இலங்கை நமக்குத் தரும் பாடத்தைச் சரியாகப் படிப்போம். படித்த, நலமான மக்கள் இல்லாமல் எந்த நாடும் வளர்வதில்லை. ஆனால் அது மட்டும் போதாது. இனம் பார்த்துத் தள்ளாத சட்டமும், கணக்குக் கேட்கும் மக்களும், "இது தவறு" என்று அஞ்சாமல் சொல்லக்கூடிய அலுவலரும் இல்லையெனில், இரண்டு தலைமுறை சேர்த்ததை இரண்டே ஆண்டுகளில் இழக்க நேரிடும்.

இது நம் ஊரிலும் பொருந்தும். சத்துணவைக் குறை சொல்லும் நாம், நம் ஊராட்சி எவ்வளவு வாங்கியது, எதற்குச் செலவிட்டது என்று கேட்டிருக்கிறோமா? சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு அங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். நம்மில் எத்தனை பேர் போகிறோம்? திருவிழாக் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் பங்குப் பேரவையில் எழுந்து நின்று கேட்கத் தெரிந்த நமக்கு, ஊர்ப் பணத்தைக் கேட்கவும் தெரியும். அடுத்த கிராம சபைக்கு அன்பியத்துக்கு நான்கு பேராவது போவோம். கேட்போம், எழுதி வைப்போம், அடுத்த கூட்டத்திலும் கேட்போம்.