வந்தவருக்கெல்லாம் விற்கத்தான் வேண்டுமா?

மணவூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. பிளாஸ்டிக் வயர்க் கூடை பின்னுவதில் கைதேர்ந்தவராம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நம் அம்மாவும் பாட்டியும் திண்ணையில் உட்கார்ந்து சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று பின்னித் தள்ளினார்களே, அதே கூடைதான். அதை இப்போது இவர் செல்போன் மூலம் விற்கிறார்.

"முதல் ஆர்டர் வந்த அன்று பாயசம் வைத்தேன். இப்போது கணக்குப் பார்த்தால் கண்ணைக் கட்டுகிறது. நாலு கூடையில் வந்த லாபத்தை ஐந்தாவது கூடை தின்றுவிடுகிறது. 'பார்சல் வந்ததும் பணம் தருகிறேன்' என்று வரவழைத்துவிட்டு, வந்த பிறகு வேண்டாம் என்கிறார்கள். தூரதேசத்திலிருந்து கேட்டால், கூடையின் விலையைவிடக் கூலி அதிகம். இன்னாருக்கு அனுப்பமாட்டேன், இன்ன ஊருக்கு அனுப்பமாட்டேன் என்று நான் சொல்லலாமா? வாசல் தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறார் என் மாமியார்" என்று கேட்கிறார்.

மாமியார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. தாகத்துக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாதுதான். ஆனால் தண்ணீர் கொடுப்பது தர்மம். கூடை விற்பது வியாபாரம். தர்மத்துக்குக் கணக்கு வேண்டாம். வியாபாரத்துக்குக் கணக்கு வேண்டும்.

இந்தச் சங்கடம் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. நம் நாட்டில் வி.பி.பி. முறை வந்தது 1877-ல். தபால்காரர் பார்சலைக் கொடுத்துப் பணத்தை வாங்கி, விற்றவருக்கு அனுப்பிவிடுவார். வெள்ளைக்காரன் காலத்திலேயே புத்தகமும் மருந்தும் கடிகாரமும் இப்படித்தான் ஊர் ஊராகப் போயின. அப்போதும் பார்சலை வாங்காமல் திருப்பியவர்கள் இருந்தார்கள். "தபால் செலவு தனி", "முன்பணம் அனுப்பவும்" என்றெல்லாம் பழைய விளம்பரங்களில் வருவது அதனால்தானே! ஃபிளிப்கார்ட் 2010-ல் 'கையில் பணம்' முறையைக் கொண்டு வந்தபோது பழைய கள் புதிய மொந்தைக்கு வந்தது. பழைய தலைவலியும் கூடவே வந்தது.

இனிக் கூலிக் கணக்கைப் பார்ப்போம். கூடை இலேசானதுதானே, ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்று சகோதரிக்கு ஆச்சரியம். கூரியர்க்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. வண்டியில் அடைக்கும் இடத்தையும் பார்க்கிறார். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000-ஆல் வகுப்பது பெரும்பாலோர் வழக்கம். வருகிற எண்ணும் தராசு காட்டும் கிலோவும் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. 30 நீளம், 20 அகலம், 30 உயரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 18,000, 5000-ஆல் வகுத்தால் 3.6. உள்ளே இருக்கும் கூடை அரைக் கிலோதான் என்றாலும் 3.6 கிலோவுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். நீங்கள் அனுப்புவது கூடையை அல்ல, அம்மா. கூடைக்குள் இருக்கும் காற்றை!

தீர்வும் அந்தக் காற்றிலேயே இருக்கிறது. பெரிய கூடைக்குள் நடுத்தரம், அதற்குள் சிறியது என்று மூன்றை ஒரு செட்டாக விற்றால் பெட்டியின் அளவு மாறாது. அதே கூலியில் மூன்று கூடை போய்ச் சேரும்.

அடுத்தது தூரம். பெரிய இணைய அங்காடிகள் உள்ளூர், மண்டலம், தேசம் என்று பிரித்துக் கூலி வசூலிக்கின்றன. ஸ்பீட் போஸ்டிலும் தூரத்துக்குத் தக்கபடி படிகள் உண்டு. வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமானுக்கும் கூலி எகிறும். உலகமெங்கும் இதே கதைதான். பிரிட்டனில் ஸ்காட்லாந்து மலைப்பகுதிக்காரர்களும், அமெரிக்காவில் அலாஸ்கா, ஹவாய் வாசிகளும் "எங்களுக்கு மட்டும் ஏன் அதிகம்?" என்று குறைபட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஐரோப்பிய யூனியன் 2018 டிசம்பரில் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: வாங்குபவர் வேறு நாட்டவர் என்பதற்காக விற்க மறுக்கக் கூடாது, ஆனால் அவர் நாட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆளை ஒதுக்காதே, தூரத்தைக் கணக்குப் பார் என்பது அதன் சாரம். நம் மாமியாரும் மருமகளும் சமாதானமாகப் போகக்கூடிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடிதத்தின் கடைசியில் இன்னொரு வருத்தமும் இருக்கிறது. "நகரியில் என் நாத்தனார் இருக்கிறாள். அவளுடைய அண்டை வீட்டார் பத்துப் பேர் கூடை கேட்கிறார்கள். கன்னியாகுமரிக்கு அனுப்ப முடிகிறது, நகரிக்கு முடியவில்லை. இது என்ன கூத்து?" என்கிறார்.

கூத்துதான். திருத்தணிக்கும் நகரிக்கும் இடையே 20 கிலோமீட்டர்கூட இல்லை. கன்னியாகுமரியோ சுமார் 700 கிலோமீட்டர். ஆனால் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. திருத்தணியே ஒரு காலத்தில் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்ததுதான். ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ந் தேதி தமிழகத்தோடு சேர்ந்தது. அதே முருகனைக் கும்பிட நகரிக்காரர்கள் இன்றும் மலையேறி வருகிறார்கள். பின்கோடில் மட்டும் இவர்களுக்கு முதல் எண் 6, அவர்களுக்கு 5.

இதில் குறுக்கே நிற்பது ஜி.எஸ்.டி. சிறு விற்பனையாளர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் ஒரு சலுகை தந்திருக்கிறார்கள். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே இணைய அங்காடியில் பொருள் விற்கலாம். பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். ஆனால் விற்பனை சொந்த மாநிலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். எல்லை தாண்டினால் சலுகை போச்சு! நேரடியாக அனுப்பினாலும் பொதுவாக இதே விதிதான். சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் கூடை அதில் அடங்குமா என்று வரி ஆலோசகர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை, நாத்தனாரை ஆடிக் கிருத்திகைக்கு வரச் சொல்லுங்கள். கையோடு கூடைகளை வாங்கிப் போகட்டும். ஸ்வாமி தரிசனமும் ஆயிற்று, வியாபாரமும் ஆயிற்று.

இனி, வேண்டாத வாடிக்கையாளர் விஷயம். ஈபே என்ற வெளிநாட்டு அங்காடியில், வாங்குவதாகச் சொல்லிப் பணம் கட்டாமல் விட்டவர்களையும், நாம் அனுப்பாத நாட்டவரையும் தடுத்து நிறுத்த விற்பவருக்கு வசதி உண்டு. குறிப்பிட்ட ஒருவரின் பெயரைப் பட்டியலில் சேர்த்தும் தடுக்கலாம். நம் நாட்டுப் பெரிய அங்காடிகளில் இப்படி ஆளைப் பொறுக்கி நிறுத்தும் வசதி பொதுவாக விற்பவர் கையில் இல்லை. வாட்ஸாப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ நீங்களே விற்றால், முடிவு முழுக்க உங்களுடையது.

அதிகாரம் கைக்கு வரும்போதுதான் மனசும் சோதனைக்கு வரும். இரண்டு தடவை பார்சலைத் திருப்பியவரிடம், "முன்பணம் அனுப்பினால் அனுப்புகிறேன்" என்று சொல்வது நியாயம். ஒருவருடைய பெயரைப் பார்த்ததும் ஜாதியையோ மதத்தையோ யோசிப்பது நியாயமல்ல. தெருவின் பெயரைப் பார்த்து முகம் சுளிப்பதும், தெலுங்கில் பேசுகிறார் என்று விலக்குவதும் நியாயமல்ல. ஒரே வகையான வாடிக்கையாளர்களுக்குள் இணைய அங்காடிகள் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2020-ம் வருஷத்து நுகர்வோர் விதிகளும் சொல்கின்றன. நடத்தையைப் பார்த்து மறுக்கலாம். பிறப்பைப் பார்த்து மறுக்கக் கூடாது.

இன்னொன்றும் கவனியுங்கள். கூடையின் பிடி அறுந்திருக்கிறது, படத்தில் சிவப்பு, வந்தது ஆரஞ்சு என்றால் அந்த வாடிக்கையாளர் வேண்டாதவர் அல்ல. அவர் பக்கம்தான் நியாயம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று அதே விதிகளில் இருக்கிறது.

சகோதரி உடனே செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, எந்தெந்த ஊருக்கு அனுப்புகிறீர்கள், கூலி எவ்வளவு என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஆர்டர் வாங்கிய பிறகு "முடியாது" என்றால்தான் மனஸ்தாபம். இரண்டாவது, தூரத்துக்காரர் கூலியைத் தாமே கொடுக்க முன்வந்தால் மறுக்காதீர்கள்; அஸ்ஸாமில் வாழ்க்கைப்பட்ட தமிழ்ப் பெண்ணுக்கு அம்மா வீட்டு ஞாபகம் அந்தக் கூடையில் இருக்கலாம். மூன்றாவது, கூடையை அளவுகோலோடு படம் எடுங்கள். "நினைத்ததைவிடச் சின்னது" என்று திரும்புகிற பார்சல்கள் குறையும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மில் விற்பவர் சிலர், வாங்குபவர் எல்லோரும். கைபேசியில் பட்டனைத் தட்டி வரவழைத்து, மனசு மாறி, "வேண்டாம்ப்பா, எடுத்துட்டுப் போ" என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தப் பார்சல் போக ஒரு கூலி, வர ஒரு கூலி. எங்கோ ஒரு வீட்டில், விரல் சிவக்கப் பின்னியவள் கணக்குப் பார்க்கும்போது அது ஒரு நாள் உழைப்பாக இருக்கும். வேண்டுமானால் வாங்குங்கள், பழுதென்றால் தாராளமாகத் திருப்புங்கள். விளையாட்டாக மட்டும் வரவழைக்காதீர்கள். விற்கிறவளின் பட்டியலில் வேண்டாத பெயராக நாம் ஏன் இருக்க வேண்டும்?