மெடிக்கல் கார்டு இருக்கு, ஆனா இதுக்கு இல்லையாம்!

காலை நிகழ்ச்சியில் காப்புறுதி என்ற வார்த்தையை எடுத்தாலே போதும், போன் ஓயாது. பிரீமியம் ஏறிவிட்டது, ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை, க்ளைம் கொடுக்க இழுக்கிறார்கள் என்று ஆளாளுக்கு ஒரு கதை. லைனில் வருவது பெரும்பாலும் ஆண்கள்தான். பெண்களின் கேள்விகள் நிகழ்ச்சி முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் வரும். கூடவே, "அக்கா, இத ஆன் ஏர்ல படிச்சிடாதீங்க" என்று ஒரு வரியும் வரும்.

கிள்ளானில் இருக்கும் ஒரு சகோதரி அனுப்பியதும் அப்படித்தான். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளலாம் என்று அவரே பிறகு சொன்னார். வயது 34, இரண்டு பிள்ளைகள்.

"அக்கா, சின்னவனுக்கு மூனு வயசாச்சு. இனி போதும்னு நானும் அவரும் முடிவு பண்ணிட்டோம். மாத்திரை சாப்பிட்டா பாதி நாள் மறந்துடுறேன். கருப்பைக்குள்ள வைக்கிற ஐயுடி போட்டுக்கலாம்னு தனியார் ஸ்பெஷலிஸ்ட் கிட்ட போனேன். ஹார்மோன் உள்ளது, எல்லாம் சேர்த்து 1,400 வெள்ளின்னாங்க. ஒன்பது வருஷமா மெடிக்கல் கார்டுக்குக் கட்டுறேன். கார்ட நீட்டுனா, இதுக்குக் கிடைக்காதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. கூகள்ல பாத்தா இன்சூரன்ஸ் முழுசா குடுக்கும்னு இருக்கு. என்ன ஏமாத்துறாங்களா?"

முதலில் கூகள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவர் படித்தது அமெரிக்கக் கதை. அங்கே 2010இல் வந்த சுகாதாரச் சட்டத்தின் கீழ், 2012 முதல் பெரும்பாலான காப்புறுதித் திட்டங்கள் ஐயுடி செலவைப் பெண்ணிடம் ஒரு காசு வாங்காமல் ஏற்க வேண்டும். பிரிட்டனில் அரசாங்கச் சுகாதாரச் சேவையிலேயே இலவசம். நம் ஊரில் இரண்டு மாதிரியும் இல்லை.

நம் ஊர் மெடிக்கல் கார்டு பாலிசியை எடுத்துப் பின்பக்கம் புரட்டுங்கள். "விலக்குகள்" என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் கர்ப்பம், பிரசவம், கருச்சிதைவு என்று அடுக்கிக்கொண்டே போய், அதே பத்தியில் அறுவை, சாதனம், மருந்து ஆகியவற்றின் வழியாகச் செய்யும் கர்ப்பத்தடை முறைகள் எதற்கும் பணம் கிடையாது என்று போட்டிருப்பார்கள். நிறுவனம் மாறினாலும் இந்தப் பத்தி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அந்த "சாதனம்" என்ற சொல்லுக்குள் ஐயுடி அடங்கிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் பொய் சொல்லவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் "மெடிக்கல் கார்டு" என்று சொல்வது அடிப்படையில் மருத்துவமனையில் படுப்பதற்கான அட்டை. வார்டில் சேர்ந்தால், அறுவை சிகிச்சை நடந்தால் அது பேசும். ஐயுடி வைப்பது கிளினிக் அறையில் சில நிமிடத்தில் முடிகிற வேலை. விலக்குப் பட்டியலே இல்லாவிட்டாலும் பல அட்டைகள் இதை வெளிநோயாளி செலவு என்று தள்ளிவிடும். ஒன்பது வருடம் கட்டியவருக்கு இதை யாரும் சொல்லாமல் போனதுதான் எனக்குக் கோபம். விற்கும்போது கிடைப்பதையெல்லாம் விரல் விட்டு எண்ணுகிறார்கள், கிடைக்காத பக்கத்துக்கு வரும்போது மட்டும் தேநீர் ஆறிவிடும்.

வேலை செய்யும் இடத்தில் தரும் குழுக் காப்புறுதி கொஞ்சம் வேறு மாதிரி. சில முதலாளிகள் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை ஒதுக்கி, பல், கண்ணாடி, பரிசோதனை என எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்க விடுவார்கள். அந்தப் பட்டியலில் குடும்பக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவைக் கேட்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் கிடைக்கும், அது இன்னும் நல்லது.

சகோதரியிடம் இதையெல்லாம் சொன்னேன். மறுநாள் இன்னொரு குரல் பதிவு வந்தது. அவருடைய ஏஜெண்ட் ஒரு வழி சொன்னாராம். "டாக்டர்கிட்ட மாதவிடாய்ல ரத்தப்போக்கு அதிகம்னு எழுதித் தரச் சொல்லுங்க. அப்போ அது ட்ரீட்மெண்ட். க்ளைம் பண்ணிப் பார்ப்போம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த ஏஜெண்ட் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஹார்மோன் வெளியிடும் ஐயுடி கர்ப்பத்தடைக்கு மட்டும் வைப்பதில்லை. அளவுக்கு மீறிய மாதவிடாய் ரத்தப்போக்குக்கு அதுவே ஒரு சிகிச்சை. அப்படி சிகிச்சையாக வைக்கும்போது, மருத்துவர் கடிதத்தோடு எழுத்துப்பூர்வமாகக் கேட்டால் காப்புறுதி நிறுவனம் பரிசீலிக்க இடமுண்டு. கண்டிப்பாகக் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஆனால் இல்லாத நோயை எழுதி வாங்குவது வேறு சங்கதி. அது பொய்க் க்ளைம். மாட்டினால் பணம் கிடைக்காது என்பதோடு நிற்காது, பாலிசிக்கே ஆபத்து. மாட்டாவிட்டாலும் அந்த நோய் உங்கள் பதிவில் ஏறிவிடும். நாளைக்குப் புது பாலிசி எடுக்கவோ இருப்பதைப் பெரிதாக்கவோ போகும்போது அதை அறிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு. கருப்பை தொடர்பான எதற்கும் பணம் தரமாட்டோம் என்று அவர்கள் நிபந்தனை போடலாம், பிரீமியத்தை ஏற்றலாம். 1,400 வெள்ளிக்காக, பிற்காலத்தில் கட்டியோ புற்றோ வந்தால் கைகொடுக்க வேண்டிய அட்டையை யாராவது பணயம் வைப்பார்களா?

இதைச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு ரத்தப்போக்கு எல்லாம் சாதாரணம்தானே?" என்று சும்மாதான் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு எழுதினார்: "சின்னவன் பிறந்ததுல இருந்து மாசம் எட்டு நாள் போகுதுக்கா. மொத ரெண்டு நாளு ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட். படி ஏறினா மூச்சு வாங்குது. ரெண்டு புள்ள பெத்தா அப்படித்தான் இருக்கும்னு மாமி சொன்னாங்க."

ஸ்பெஷலிஸ்டிடம் இதைச் சொன்னீர்களா என்றேன். இல்லையாம். குடும்பக் கட்டுப்பாட்டுக்குத்தானே போனேன், அவங்க கேக்கல, நானும் சொல்லல என்றார்.

மூன்று வருடமாக அப்படி ரத்தம் போயிருக்கிறது. அதை நோய் என்று நினைக்கவே அவருக்குத் தோன்றவில்லை. க்ளைமுக்காக ஒருவர் இட்டுக்கட்டச் சொன்ன அதே விஷயம் அவர் உடம்பில் உண்மையாகவே இருந்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் மாற்ற வேண்டி வந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அளவு. ஐயுடி, காப்புறுதி எல்லாம் அப்புறம்.

வீட்டுப் பக்கத்து அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். பதிவுக்கு ஒரு வெள்ளி. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அது 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, அரசாங்க மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு 'சூராட் ருஜுக்கான்' எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தோடு போனால் குடியுரிமை உள்ளவருக்கு நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் வேறு, அதிகம். தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்திருக்கும் சகோதரிகள் அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, செலவுக்கு வருவோம். தனியாரில் "ஐயுடி எவ்வளவு?" என்று கேட்டால் சில இடங்களில் சாதனத்தின் விலையை மட்டும் சொல்வார்கள். பில் வரும்போது ஆலோசனைக் கட்டணம், ஸ்கேன், வைக்கும் கட்டணம், ஒரு மாதம் கழித்துப் பார்க்கும் கட்டணம் என்று வால் நீளும். "எல்லாம் சேர்த்து எவ்வளவு, பின்னால் எடுக்க எவ்வளவு?" என்று கேளுங்கள். எடுக்கவும் காசு என்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது.

செப்பு ஐயுடி, அதாவது அம்மாக்கள் காலத்தில் "காப்பர்-டி" என்றது, விலை குறைவு. நல்ல ரகம் பத்து ஆண்டு வரை தாங்கும். ஹார்மோன் ஐயுடி விலை கூட. ரகத்தைப் பொறுத்து மூன்று முதல் எட்டு ஆண்டு. ஒரு கணக்குப் போடுவோம். சகோதரிக்குச் சொன்ன 1,400 வெள்ளி எட்டு ஆண்டு உழைத்தால் மாதத்துக்குப் பதினைந்து வெள்ளி கூட வராது. மாத்திரை அட்டை 30 வெள்ளி என்று வைத்தால், 28 நாளுக்கு ஒன்றாக ஆண்டுக்கு 13 அட்டை, 390 வெள்ளி. நான்கு ஆண்டுக்குள் மாத்திரை முந்திவிடும். ஆனால் 390ஐக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டுவது வேறு, 1,400ஐ ஒரே நாளில் எடுத்து வைப்பது வேறு என்பது குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

அதனால்தான் அரசாங்க வழியை முதலில் கேளுங்கள் என்கிறேன். சுகாதார கிளினிக்குகளில் குடும்பத் திட்டமிடல் சேவை இருக்கிறது. தாய் சேய் நலப் பிரிவில் கேட்டால் போதும். எல்.பி.பி.கே.என் என்று நாம் சொல்லும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகவே தொடங்கப்பட்டது. அவர்களுடைய நூர் செஜாத்ரா கிளினிக்குகள் இன்றும் இந்த வேலையைச் செய்கின்றன. எந்த ரகம் கையிருப்பில் இருக்கிறது, எந்த நாளில் வைக்கிறார்கள் என்று போனில் விசாரித்துவிட்டுப் போனால் ஒரு நாள் லீவு மிச்சம்.

இனி, வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வருகிற சில கேள்விகள்.

"மேலே ஏறி நெஞ்சுக்குப் போயிடுமா?" போகாது. கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழி இல்லை. வைக்கும்போது கருப்பைச் சுவரைத் துளைப்பது மிக அரிது, ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவு. தானாக வெளியே நழுவி வருவதுதான் அதைவிடச் சாதாரணம், முதல் ஆண்டில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு. அதனால்தான் நூலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பார்கள். துளைத்து, அறுவை செய்ய வேண்டி வந்தால் மெடிக்கல் கார்டு கைகொடுக்குமா? இதை இப்போதே ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். அவசரத்தில் படுக்கையில் கிடக்கும்போது கேட்கிற கேள்வி இல்லை இது.

"பிறகு பிள்ளை வேணும்னா?" எடுத்தவுடனே வாய்ப்பு திரும்பிவிடும். கருத்தடை அறுவைபோல் நிரந்தரம் இல்லை.

"வலிக்குமா?" வலிக்கும் என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது. சிலருக்குச் சுருக்கென்று ஒரு நிமிடம், சிலருக்கு அன்று முழுக்க மாதவிடாய் வலிபோல். பிள்ளை பெறாதவர்களும் வைத்துக்கொள்ளலாம், அவர்களுக்கு வலி கொஞ்சம் கூட இருக்கலாம். வலி மருந்து பற்றி வைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு வீரம் காட்ட வேண்டியதில்லை.

"செப்பா, ஹார்மோனா?" செப்பு ஐயுடி சிலருக்கு ரத்தப்போக்கையும் வலியையும் கூட்டும். ஹார்மோன் உள்ளது பெரும்பாலும் குறைக்கும், முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகத் தொல்லை கொடுத்தாலும். விலை குறைவு என்பதற்காக அந்தக் கிள்ளான் சகோதரி செப்பு வைத்துக்கொண்டிருந்தால், 8.4இல் இருந்த ரத்தம் எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைத்தால் எனக்கே வயிறு கலங்குகிறது.

"கணவர் கையெழுத்து வேணுமா?" 18 வயது நிரம்பிய பெண்ணின் உடம்புக்கு அவர் சம்மதம்தான் சம்மதம். சில இடங்களில் கணவர் கையெழுத்தையும் கேட்கிறார்கள். போவதற்கு முன் விசாரித்துக்கொண்டால் திரும்பி வர வேண்டியிராது. இருவரும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. அறைக்கு வெளியே உட்கார்ந்து போனை நோண்டாமல், உள்ளே வந்து கேளுங்கள், அண்ணன்மார்களே.

சகோதரிக்கு மருத்துவமனையில் தேதி கிடைத்துவிட்டது. ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை இரும்பு மாத்திரை, ஆணுறை. நிபுணர் பார்த்துச் சிகிச்சையாக ஹார்மோன் ஐயுடி வைக்கச் சொன்னால், அந்த அறிக்கையை வைத்துக் காப்புறுதி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். ஏஜெண்டுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டாராம்.

நேற்று மறுபடி ஒரு குரல் பதிவு. "அக்கா, மாமிகிட்ட 8.4னு சொன்னேன். அவங்களுக்கும் அப்படித்தான் போனுச்சாம், இருபது வருஷம். யாரும் பாக்கலயாம்."