நெஞ்செரிச்சலைக் கேட்காத சிகிச்சை

என் தமக்கையார் இரண்டு ஆண்டுக் காலம் இரவில் படுத்து உறங்கியதில்லை. மூன்று தலையணைகளைச் சுவரோரம் அடுக்கி, அவற்றின்மீது முதுகைச் சாய்த்து, நள்ளிரவில் தொண்டைவரை ஏறிவரும் புளிப்பை விழுங்கிக்கொண்டு, விடியும்வரை உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். 118 கிலோவாக இருந்த அவருடைய சரீரம் 80 கிலோவாக இளைத்ததைக் கண்டு உற்றார் உறவினரெல்லாம் அதிசயித்துக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் இந்த வேதனையும் நிகழ்ந்துகொண்டிருந்தது. அவருக்குச் செய்யப்பட்டது, ‘ஸ்லீவ்’ என்று சுருக்கமாக வழங்கப்படும் இரைப்பைக் குறைப்பு அறுவை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, காலையில் வெறும் வயிற்றில் அமிலத்தை அடக்கும் மாத்திரை விழுங்காமல் காப்பியைத் தொடாதவர் அவர். அந்த விவரத்தை அறுவைக்கு முன் ஒருவரும் அவரிடம் விசாரிக்கவில்லை. சொல்லவேண்டிய விவரம் அது என்பது எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இதனால் நான் எடைக் குறைப்பு அறுவைக்கே விரோதி என்று எவரும் கருதிவிட வேண்டாம். ஸ்தூல சரீரம் என்பது நாவடக்கம் இல்லாதவருக்கு வந்து சேரும் தண்டனை என்ற பழைய எண்ணம் பொய்யானது. 1987-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் ஸ்வீடன் தேசத்தில் நடந்த ஆராய்ச்சி, அறுவை செய்துகொண்ட பருமனானவர்களிடையே, செய்துகொள்ளாதவர்களிடையே இருந்ததைக் காட்டிலும் மரண விகிதம் குறைவாக இருந்ததைக் காட்டியிருக்கிறது. என் மனக்குறையெல்லாம் வேறோர் இடத்தில் இருக்கிறது. எந்த அறுவை என்று தீர்மானிக்கும் அந்த ஒரு மணி நேரம், நம் ஊர்களில் பெரும்பாலும் பத்து நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. எத்தனை கிலோ குறையும், எத்தனை நாளில் வீடு திரும்பலாம், எவ்வளவு செலவாகும் என்ற மூன்று கேள்விகளோடு அது நின்றுவிடுகிறது.

இந்தச் சிகிச்சையின் சரித்திரமே, குறைந்த எடையை மட்டும் கணக்கிட்டவர்கள் பட்ட பாட்டின் சரித்திரம் என்று சொல்லலாம். 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றி விலக்கிவிடும் முறை வெளிவந்தது. எடை என்னவோ மளமளவென்று இறங்கியது. ஆனால் கல்லீரல் கெட்டு, சிறுநீரகத்தில் கல் விழுந்து, தீராத பேதியால் மனிதர்கள் க்ஷீணித்துப் போனார்கள் என்பதால் அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. அயோவா பல்கலைக்கழகத்து எட்வர்ட் மேசன், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மீண்டும் பருக்காமல் இருப்பதைக் கவனித்து, 1966-இல் இரைப்பை பைபாஸ் முறையைத் தொடங்கினார். அதன் பின்னால் வந்த திருத்தங்களில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ரண சிகிச்சை நிபுணர் சேசர் ரூ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்ட குடல் இணைப்பைச் சேர்த்துக்கொண்டதே இன்று நிலைத்திருக்கிறது. இரைப்பையின் மேல்முனையில் ஒரு கோழிமுட்டை அளவுக்கும் குறைவான பையை மட்டும் பிரித்தெடுத்து, அதோடு சிறுகுடலை நேரே இணைத்து, பித்தமும் கணைய நீரும் கீழே வெகுதூரம் தள்ளி வந்து ஆகாரத்தோடு கலக்கும்படி செய்வது அதன் அமைப்பு.

ஸ்லீவ் இதற்குப் பின் வந்தது. மிகப் பருத்து, மயக்க மருந்து கொடுக்கவே வைத்தியர்கள் அஞ்சும் நோயாளிகளுக்கு, நீண்டதொரு பெரிய அறுவையின் முதற்கட்டமாக மட்டும் செய்யப்பட்டு வந்த அது, முதற்கட்டத்திலேயே பலர் போதிய அளவு இளைத்துவிட்டதைக் கண்ட பிறகு தனிச் சிகிச்சையாக நிலைபெற்றது. இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலான பகுதியை நெடுக வெட்டி அகற்றிவிட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மிச்சம் வைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் அகற்றப்பட்ட பகுதியில் ஊறுவதால் பசியும் அடங்குகிறது. குடலைத் தொடுவதில்லை, நேரம் குறைவு, செய்பவருக்கும் எளிது. நம் நாட்டில் மிகுதியாகச் செய்யப்படும் எடைக் குறைப்பு அறுவை இதுவே என்பதில் வியப்பில்லை. ஆனால் விரிந்து கொடுக்கும் பை, விரியாத குறுகிய குழாயாக மாறும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்துக்கு மேல்நோக்கி ஒரே ஒரு வாசல்தான் உண்டு. அந்த வாசலின் கதவு முன்பே தளர்ந்திருந்தால், என் தமக்கையாரின் மூன்று தலையணைகள்தான் கதி.

இது ஒரு குடும்பத்தின் துர்ப்பாக்கியம் மட்டுமாக இருந்தால் பத்திரிகையில் எழுதியிருக்க மாட்டேன். 2018-இல் வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகள், பின்லாந்தில் 240 பேரையும் சுவிட்சர்லாந்தில் 217 பேரையும் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு ஸ்லீவும் மறு சாராருக்கு பைபாஸும் செய்து, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவை. எடைக் குறைவில் பைபாஸ் சற்றே முந்தியிருந்தாலும் வித்தியாசம் பெரிதில்லை. பெரிய வித்தியாசம் எதுக்களிப்பில் இருந்தது: சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியில் ஸ்லீவ் செய்துகொண்டவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது முன்னிலும் மோசமானது, பைபாஸ் செய்துகொண்டவர்களுள் அப்படி ஆனவர் நூற்றுக்கு ஆறு பேரே. எடையில் ஏறக்குறையச் சமமாக நிற்கும் இரண்டு உபாயங்களுக்கு இடையே எடையை மட்டும் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில் என்ன பிரயோஜனம் இருக்கிறது?

அப்படியானால் பைபாஸே எல்லாருக்கும் ஏற்றதா என்றால், அதுவும் சரியாகாது. நீரிழிவு முற்றியவருக்கும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கும் அது அனுகூலமானது என்பது பொதுவான அபிப்பிராயம். ஆனால் மூட்டு வலிக்காக நாள்தோறும் வலி மாத்திரை விழுங்கும் ஒரு பாட்டியை எண்ணிப் பாருங்கள். பைபாஸுக்குப் பின் அந்த மாத்திரைகள் இணைப்பின் ஓரத்தில் புண்ணை உண்டாக்கக்கூடும். புகைபிடிப்பவருக்கும் அதே அபாயம் உண்டு. ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய இரைப்பைக்குள் பிற்காலத்தில் ஏதேனும் கோளாறு தோன்றினால், வழக்கமான எண்டோஸ்கோபிக் குழாயை வாய்வழியே அங்கே செலுத்திப் பார்ப்பது கடினம். குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்கள் இதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். பாயசமோ ஜாங்கிரியோ சற்று அதிகமானால் நெஞ்சு படபடத்து, வியர்த்து, கிறுகிறுத்துப் படுக்க நேர்வதும் பைபாஸ்காரர்கள் பலருக்குப் பழக்கமான அனுபவம்.

எல்லாவற்றுக்கும் மேலாக இருக்கிறது சமையற்கட்டு. எந்த அறுவையானாலும் நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போகவேண்டும் என்று ஆகார நிபுணர்கள் வற்புறுத்துகிறார்கள். எங்களுடையது முட்டையும் சேராத வீடு. இரண்டு இட்லியில் 4 கிராம் புரதம் தேறினால் அதிகம். அந்த இரண்டு இட்லியே அறுவை செய்துகொண்டவர்கள் வயிற்றுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. ஆகவே என் தமக்கையார் சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கிண்ணத்து மசித்த பருப்பைத் தேக்கரண்டியால் அள்ளி, ஒவ்வொரு வாயையும் நெடுநேரம் மென்று, இடையில் தண்ணீர் குடிக்காமல், அரைமணி நேரம் கழித்தே ஒரு தம்ளர் மோரை வாய்வாயாக அருந்துவார். இரும்பு, கால்சியம், டி வைட்டமின், பி12 ஆகியவை ஆயுள் முழுவதும் தொடரவேண்டும். பி12 சைவ உணவினருக்கு ஏற்கெனவே குறைந்திருப்பது. குடலை இன்னும் நீளமாக விலக்கும் முறைகளில் இந்தத் தட்டுப்பாடு இன்னும் கடுமையாகும். ஒரே இணைப்போடு முடிந்துவிடும் ‘மினி பைபாஸ்’ சுலபமானது என்று சொல்லப்படுகிறது. எவ்வளவு நீளம் குடலை விலக்கப் போகிறீர்கள் என்று கேட்காமல் பருப்பும் மோரும் உண்டு வாழும் ஒருவர் அதற்குச் சம்மதிப்பது விவேகமாகாது.

எனக்குத் தோன்றும் நியாயம் இது. ஸ்லீவ் செய்வதற்கு முன் எண்டோஸ்கோபி ஒருபோதும் தவறக்கூடாது. ஒரு முறையைச் சிபாரிசு செய்யும் வைத்தியர், மற்ற முறையை இவருக்கு ஏன் விலக்கினார் என்பதை, நோயாளிக்குப் புரியும் தமிழில், கையெழுத்து வாங்கும் தாளிலேயே இரண்டு வரியாவது எழுதித் தரவேண்டும். ஒரே முறையை மட்டும் பயின்றவர் அந்தக் காரணத்தை எழுத முயலும்போதே, நோயாளியை வேறொருவரிடம் அனுப்பவேண்டும் என்பது அவருக்கே விளங்கிவிடும். வெட்டி எடுத்த இரைப்பையை எவராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பதை நினைத்தால், இந்த இரண்டு வரி அதிகம் என்று யார் சொல்ல முடியும்?

என் தமக்கையாருக்குச் சென்ற ஆண்டு வேறோர் ஊரில் ஸ்லீவை பைபாஸாக மாற்றினார்கள். மறு அறுவை என்பதால் முதலாவதைவிட நேரமும் கவலையும் அதிகமாகவே ஆயின. இப்போது ஒரே தலையணையில் படுத்து உறங்குகிறார். ஞாயிறு இரவுதோறும் ஏழு அறைகள் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வாரத்துக்கான மாத்திரைகளை எண்ணிப் போட்டு வைக்கிறார். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண், தானும் இந்த அறுவை செய்துகொள்ளப் போவதாகச் சொல்லி, “எது நல்லதுக்கா? ஸ்லீவா, பைபாஸா?” என்று கேட்டாள். தமக்கையார் டப்பாவை மூடி வைத்துவிட்டு, “முதல்ல இதைச் சொல்லும்மா, ராத்திரி படுத்தா உனக்கு நெஞ்சு எரியுமா?” என்றார்.