"போட மாட்டானுங்க" என்று இனிமேல் சொல்லாதீர்கள்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். வீடு கட்டுகிறவர்களும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர்களும் கட்டாயம் கடைசிவரை படியுங்கள். சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

போன வாரம் திருவெறும்பூர் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் கேட் வைக்கிற வேலை நடந்தது. வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். பெயர் சொல்ல மாட்டேன், அவன் பிழைக்க வேண்டும். கண்ணில் ரோட்டோரக் கடையில் விற்கிற கூலிங் கிளாஸ். ராடை வைக்கிற நொடியில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். பொறி அடங்கியதும் திரும்பிப் பார்க்கிறான். அடுத்த டேக், மறுபடியும் முகத்தைத் திருப்புகிறான். நான் நின்ற ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை என்று எண்ணி முடியவில்லை.

பட்டறை முதலாளியும் அங்கேதான் இருந்தார். கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாங்கிக் குடுத்தாலும் போட மாட்டானுங்க டீச்சர். அவனுங்களுக்குப் பழகிப்போச்சு."

இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவனைக் கூப்பிட்டு, "என்னடா, கண்ணை வச்சு விளையாடுறியா?" என்று அதட்டினேன். அவன் வண்டிப் பையிலிருந்து ஒரு கை ஷீல்டை எடுத்துக் காட்டினான். கண்ணாடி முழுக்கப் பொறி தெறித்து அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. "டீச்சர், ஒரு கையில ஹோல்டர். இன்னொரு கையில கம்பியை மட்டம் பார்த்துப் பிடிக்கணும். ஷீல்டை எந்தக் கையில பிடிக்கிறது? தலையில மாட்டுறதும் ஒண்ணு இருக்கு. இறக்கினா இருட்டு. ராடு எங்க இருக்குன்னே தெரியாது. தலையை ஆட்டி இறக்குறதுக்குள்ள கம்பி நகர்ந்துடும்."

எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷம் "ஏன் வீட்டுப்பாடம் எழுதலை?" என்று கேட்டவள் நான். நோட்டே இல்லாத பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகு வெட்கப்பட்டதும் உண்டு. அதே வெட்கம் அன்றைக்கும் வந்தது.

போட மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அவன் செய்கிற வேலைக்குப் போடவே முடியாத ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, "போட மாட்டேங்கிறான்" என்று நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் சந்தேகமா? நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வெல்டராக இருக்கிறீர்கள்? அங்கே ஹெல்மெட் இல்லாமல் ராடைத் தொட விடுவார்களா? அதே பையன், அதே கண், அதே பழக்கம். அங்கே போடுகிறவன் இங்கே மட்டும் ஏன் போடவில்லை? அங்கே வேலைக்குத் தகுந்ததைக் கொடுக்கிறார்கள். போடாவிட்டால் வேலையை நிறுத்துகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் நம் திருச்சியில்தான் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கே பேர்போன ஊர் நம்முடையது. இந்த ஊரில்தான் கூலிங் கிளாஸ் போட்டு வெல்டிங் அடிக்கிறான் என் மாணவன்.

கூலிங் கிளாஸுக்கு வருகிறேன். ஒரு சின்னக் கணக்கு. என் தம்பி பாய்லர் டியூப் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே வருகிற நம்பரையெல்லாம் அவனிடம் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன். சாதாரணக் கூலிங் கிளாஸ் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை உள்ளே விடும். 5 நம்பர் வெல்டிங் கண்ணாடி ஐம்பதில் ஒரு பங்கு விடும். 10 நம்பர் கண்ணாடி ஏழாயிரத்தில் ஒரு பங்குதான் விடும். ஒரு நம்பர் ஏறினால் வெளிச்சம் இரண்டரை மடங்குக்கும் மேல் குறையும். ஆக, பத்தில் ஒன்று எங்கே, ஏழாயிரத்தில் ஒன்று எங்கே? இரண்டும் கறுப்பாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. கறுப்புக் கண்ணாடி போட்டால் இருட்டுக்கு ஏற்பக் கண்மணி விரியும். கண்ணாடி சரியாகத் தடுக்காததாக இருந்தால், விரிந்த கண்மணி வழியாகக் கூடுதல் கதிர்தான் உள்ளே போகும். பக்கவாட்டில் திறந்துதான் கிடக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு மறைப்பும் இல்லை.

வெல்டிங் ஒளியில் நாம் பார்க்கிற வெளிச்சம் ஒரு பகுதிதான். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுடுகிறது. அகச்சிவப்புக் கதிர் வெப்பமாக உள்ளே போகிறது. அது வருஷக்கணக்கில் சேர்ந்தால் கண்புரை வரலாம். பளீரென்ற வெளிச்சம் விழித்திரையையே காயப்படுத்தும்.

புற ஊதா சுட்டது அப்போதே தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது மாதிரி எரியும். தண்ணீராகக் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. பட்டறையில் இதை "ஃபிளாஷ் அடிச்சிருச்சு" என்பார்கள். பிறகு தாய்ப்பால் விடுவார்கள், உருளைக்கிழங்கை வெட்டி வைப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் தானாகவே ஆறும். ஆறியது உருளைக்கிழங்கால் என்று நினைத்து மூன்றாம் நாள் மறுபடி கூலிங் கிளாஸோடு வேலைக்குப் போவார்கள். தயவுசெய்து கண் டாக்டரிடம் போங்கள். வலி தெரியாமல் மரத்துப்போக வைக்கிற சொட்டு மருந்தை நீங்களாக வாங்கித் திரும்பத் திரும்ப விடாதீர்கள். அது கருவிழியையே கெடுக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வெல்டிங்கின் புற ஊதாக் கதிரை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. வெல்டிங் புகையையும் அதே பிரிவில் சேர்த்தது. சாதாரண ஹெல்மெட் புகையைத் தடுக்காது. அதற்குக் காற்றோட்டமும் முகமூடியும் தனியாக வேண்டும்.

உங்களுக்கெல்லாம் 2019 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கிறதா? நம் திருச்சியில் வளைய சூரிய கிரகணம் தெரிந்த நாள். வெறும் கண்ணால் பார்க்காதே என்று பிள்ளைகளை எத்தனை பாடு படுத்தினோம்! பட்டறை பட்டறையாகப் போய் 14 நம்பர் வெல்டிங் கிளாஸ் இருக்கிறதா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! சில நிமிஷம் சூரியனைப் பார்க்க நமக்கு அவ்வளவு பயம், அவ்வளவு ஏற்பாடு. நம் வீட்டு வாசலில் நாள் முழுக்கக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சூரியனைக் கொளுத்தி வேலை செய்கிறவனிடம் மட்டும் "பழகிப்போச்சு" என்கிறோம். கண் எதற்கும் பழகாது பிள்ளைகளே. கெடும், அவ்வளவுதான்.

சரி, எந்த வேலைக்கு எதை வாங்குவது? முதலாளிகள் இதை எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள்.

கேட், கிரில் வேலை. சாதாரண ராடு வெல்டிங். 2.5, 3.15 எம்.எம். ராடுக்குப் பெரும்பாலும் 10 நம்பர், ஆம்பியர் கூட்டி அடித்தால் 11. டேக் அடிக்கிற வேலை அதிகம் என்பதால் இங்கேதான் தானாகக் கறுக்கிற ஆட்டோ ஹெல்மெட் அவசியம். சாதாரண நேரத்தில் 3 அல்லது 4 நம்பர் அளவுக்குத்தான் இருட்டாக இருக்கும். கம்பி தெரியும், மட்டம் பார்க்கலாம். ராடு பொறி விட்டதும் கண் இமைப்பதற்கு வெகு முன்பே கறுத்துவிடும். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். என் மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பதில் கடையில் இருக்கிறது, நாம்தான் வாங்கவில்லை.

கனமான ஸ்ட்ரக்சர் வேலை. 4 எம்.எம். ராடு, நீள நீளமான தையல். 11, 160 ஆம்பியருக்கு மேல் போனால் 12 வரைக்கும். டேக் குறைவு என்றால் தலையில் மாட்டுகிற சாதாரண ஹெல்மெட்டே போதும். நல்ல கண்ணாடியும், நெற்றியில் வெட்டாத பட்டையும் இருக்க வேண்டும்.

மிக் வெல்டிங், நம் ஊரில் கோ-டூ என்பது. புகை குறைவு, ஒளி கூசும். 160 ஆம்பியர் வரை 11, அதற்கு மேல் 12.

டிக் வெல்டிங். எஸ்.எஸ். கைப்பிடி, டியூப் வேலை. 50 ஆம்பியருக்குக் கீழே 10 போதும். அதற்கு மேல் 12 வரை போகும். ஆகவே 9-லிருந்து 13 வரை திருகி மாற்றுகிற ஆட்டோ ஹெல்மெட் வாங்குங்கள். குறைந்த ஆம்பியரையும் உணருமா என்று கேட்டு வாங்குங்கள். மலிவானது சில சமயம் டிக் ஒளியைக் கவனிக்காமல் விட்டுவிடும். குழாய்க்குப் பின்னால் குனிந்து அடிக்கிறவர்களுக்கு இரண்டு சென்சார் போதாது. ஒன்று மறைந்தாலும் இன்னொன்று பிடிக்கும்படி நான்கு சென்சார் உள்ளது வேண்டும்.

கேஸ் வெல்டிங்குக்கு இரும்பின் கனத்தைப் பொறுத்து 4 முதல் 8 வரை. கேஸ் கட்டிங்குக்கு 3 முதல் 6 வரை. இந்தக் கண்ணாடியைக் கரண்ட் வெல்டிங்குக்குப் போடவே கூடாது. பட்டறையில் கேஸ் கண்ணாடி ஒன்று தொங்குகிறது என்று யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

கிரைண்டிங். இங்கே ஒளி பிரச்சினை இல்லை, துகள்தான். ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு வெறும் கண்ணோடு கிரைண்டர் போடாதீர்கள். ஹெல்மெட்டுக்கு உள்ளேயே வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் இருக்கட்டும். ஸ்லாக் தட்டும்போதும் அதுதான் காக்கும்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற ஹெல்பர் பையனை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. அவனுக்கும் ஒன்று வேண்டும்.

நம்பர் தெரியாவிட்டால் ஒரு வழி உண்டு. அதிக இருட்டில் ஆரம்பித்து, உருகுகிற இடம் தெளிவாகத் தெரியும்வரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஆனால் ராடு வேலையில் 60 ஆம்பியருக்கு மேல் 8-க்குக் கீழே இறங்கவே கூடாது. வாங்கும்போது உடம்பிலோ கண்ணாடியிலோ ஐ.எஸ். 1179, ஈ.என். 379, ஏ.என்.எஸ்.ஐ. இசட் 87.1 போன்ற தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தரமான ஆட்டோ கண்ணாடி, கறுக்காத நேரத்திலும் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும். முத்திரை இல்லாத மலிவுச் சரக்கை நம்ப முடியாது. முன்னால் போடுகிற வெள்ளைக் கண்ணாடி சில்லறைக் காசுதான். பொறி படிந்தால் மாற்றுங்கள். ஒரு நாள் ஆட்டோ கறுக்காவிட்டால் அன்றைக்கு அதை வைத்து வேலை செய்யாதீர்கள்.

"விலை அதிகம் டீச்சர்" என்பார்கள். சாதாரண ஹெல்மெட் சில நூறு ரூபாய். ஆட்டோ ஹெல்மெட் ஆயிரம் இரண்டாயிரத்திலிருந்து தொடங்குகிறது. ஒரு கேட்டுக்கு நாம் கொடுக்கிற பணத்தில் இது எத்தனை பங்கு? கேட்டின் மேல் பித்தளைப் பூ வைக்கக் காசு இருக்கிறது.

"வெயிலில் போட முடியாது" என்பார்கள். இது நியாயம். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஹெல்மெட் மாட்டினால் வேர்த்து ஊற்றத்தான் செய்யும். அதனால் எடை குறைந்ததாக வாங்குங்கள், ஒரு ஃபேன் வையுங்கள், தண்ணீரும் ஓய்வும் கொடுங்கள். வெயிலைக் காரணம் காட்டிக் கண்ணைக் கேட்காதீர்கள்.

"சட்டம் இருக்கிறதே" என்றும் சொல்வார்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே கண் பாதுகாப்புக்கென்று 35-ஆம் பிரிவு வைத்தார்கள். ஆனால் கரண்ட் வைத்து வேலை நடந்த இடமாக இருந்தாலும் பத்துப் பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் அது தொழிற்சாலையாகக் கணக்கில் வந்தது. மூன்று பேர் வேலை செய்கிற தெருமுனைப் பட்டறையை யார் வந்து பார்ப்பார்கள்? நம் வீட்டு வாசலில் நடக்கிற வேலைக்கு நாம்தான் இன்ஸ்பெக்டர்.

ஆகவே என் வேண்டுகோள். கேட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது, "எத்தனை கேஜ் தகடு?" என்று கேட்கிற வாயால், "பையனுக்கு என்ன ஹெல்மெட்?" என்றும் கேளுங்கள். இல்லை என்றால், "வாங்கின பிறகு வேலையை ஆரம்பிங்க" என்று சொல்லுங்கள். பட்டறை வைத்திருக்கிற என் மாணவர்களே, உங்களுக்கு உரிமையோடு சொல்கிறேன்: ஆளுக்கு ஒன்று, வேலைக்குத் தகுந்த ஒன்று. அதற்குப் பிறகும் ஒருவன் போடவில்லை என்றால் அவனைத் திட்டுங்கள், நானும் வந்து சேர்ந்து திட்டுகிறேன்.

அந்தச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு மனக்கசப்பு வந்துவிட்டது. "டீச்சர் வந்து வேலையைக் கெடுத்துட்டாங்க" என்று பேச்சு. கேட் இரண்டு நாள் தள்ளிப்போனது உண்மைதான். மூன்றாம் நாள் முதலாளி ஒரு ஆட்டோ ஹெல்மெட்டோடு வந்தார். முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தார். அதனால் என்ன? பையன் மாட்டிக்கொண்டு ஒரு டேக் அடித்தான். முகத்தைத் திருப்பவில்லை. ஹெல்மெட்டைத் தூக்கி, "டீச்சர், அடிக்கும்போதே தெரியுது!" என்றான். இத்தனை வருஷம் தான் போட்ட தையலை, அது விழும்போதே அவன் பார்த்ததில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று உங்களுக்குப் பழமொழி சொல்லிக் கொடுத்தவள் நான்தான். இப்போது அதைச் செய்து காட்டுங்கள்.

உங்கள் டீச்சர்