குழந்தையின் வேகத்தில் ஒரு மலைப்பாதை

லடாக்குக்குக் குழந்தைகளோடு போகும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகிறார்கள். முதல் நாள் தில்லியிலிருந்து விமானத்தில் லே. இரண்டாம் நாள் வாடகைக் காரில் கர்துங் லா கணவாய், அப்படியே நூப்ரா. அடுத்து பாங்காங் ஏரி. 2009இல் வந்த ‘3 இடியட்ஸ்’ படத்துக்குப் பிறகு அந்த ஏரியைப் பார்க்காமல் திரும்புவது பலருக்குப் பாவமாகவே தோன்றுகிறது. ‘இரண்டு நாள் மலையில் நடக்கலாமே’ என்று யாராவது சொன்னால், ‘சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டா?’ என்று பதறுகிறார்கள். நடந்தால் ஆபத்து, காரில் போனால் பத்திரம் என்பது அவர்கள் போடும் கணக்கு.

உடம்பு போடும் கணக்கு வேறு. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, சமவெளியில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கர்துங் லா 5,359 மீட்டர். அங்கே கிடைப்பது பாதி அளவு. சுமார் 40 கிலோமீட்டர் மலைச்சாலையைக் கார் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. முந்தின நாள்தான் சமவெளியிலிருந்து வந்து இறங்கிய உடம்புக்கு அந்த அவகாசம் போதாது. பாங்காங் கரையில் கூடாரத்தில் தங்கினாலோ, ஓர் இரவு முழுவதும் 4,200 மீட்டருக்கு மேல் தூங்க வேண்டும். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

நடப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. எங்கே நடக்கிறார் என்பது மட்டும் சரியாக இருக்க வேண்டும். குடும்பத்தோடு நடக்க லடாக்கில் ஷாம் பகுதியைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. ஷாம் என்றால் கீழ்ப்பகுதி என்று பொருள். லேயிலிருந்து சிந்து நதி மேற்கே இறங்கிப் போகும் திசையில் உள்ள கிராமங்கள் இவை. வழியில் உள்ள கணவாய்களில் எதுவும் 4,000 மீட்டரைத் தொடுவதில்லை. மலையேற்ற வழிகாட்டிகள் இதைக் கொஞ்சம் இளக்காரமாக ‘பேபி ட்ரெக்’ என்கிறார்கள். குடும்பங்களுக்கு அதுவே சிபாரிசு.

நடை லிகிரில் தொடங்குகிறது. அங்குள்ள மடாலயத்தில் 1999இல் கட்டி முடிக்கப்பட்ட 75 அடி உயர மைத்ரேய புத்தர் திறந்த வெளியில் அமர்ந்திருக்கிறார். முதல் நாள் இரண்டு சிறு கணவாய்களைக் கடந்து யாங்தாங் சேர, பெரியவர்களுக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். இரண்டாம் நாள் ஹெமிஸ் ஷுக்பாசன். மூன்று மணி நேர நடைதான். ஷுக்பா என்றால் ஜூனிபர் மரம். மரமே அபூர்வமான அந்த நாட்டில், ஊருக்குப் பெயர் கொடுத்த மரங்களை இன்றும் அங்கே பார்க்கலாம். (லேக்குத் தென்கிழக்கே உள்ள புகழ்பெற்ற ஹெமிஸ் மடாலயம் வேறு. டிரைவரிடம் தெளிவாகச் சொல்லாவிட்டால் எதிர்த்திசையில் போய் நிற்க வேண்டியிருக்கும்.) மூன்றாம் நாள் இன்னொரு கணவாயைத் தாண்டினால் தெமிஸ்காம். லடாக்கும் திபெத்தும் 1684இல் உடன்படிக்கை செய்துகொண்ட ஊர். இறங்க இறங்க ஆப்ரிகாட் தோப்புகள். ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் போனால் பழக் காலம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த நேரக் கணக்கை அப்படியே ஒன்றரை மடங்காக்கிக்கொள்வது நல்லது. பாதையில் நிழல் கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மழைதான் பெய்யும் பூமி அது. எனவே காலை ஆறரை, ஏழுக்குக் கிளம்பி, வெயில் உச்சிக்கு வருமுன் அடுத்த ஊரை அடைந்துவிட வேண்டும். அகலமான விளிம்புள்ள தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயில் களிம்பு, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் ஆகியவை கட்டாயம். வறண்ட காற்றில் வியர்ப்பதே தெரியாது. குழந்தை கேட்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும். ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்தத் தூரத்தை நடந்துவிடுவார்கள். அதைவிடச் சிறியவர்கள் இருந்தால், ஒரு நாள் நடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கூடாரமும் அடுப்பும் சுமக்க வேண்டியதில்லை. கிராமத்து வீடுகளிலேயே தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும். லடாக்கில் இந்த ஏற்பாடு பரவியதற்குப் பனிச்சிறுத்தையும் ஒரு காரணம். கொட்டிலில் புகுந்து ஆடுகளைக் கொன்ற சிறுத்தைகளைக் கிராமத்தார் பழிவாங்கி வந்தார்கள். சிறுத்தையால் நஷ்டப்படுகிறவருக்கு அதனாலேயே வருமானமும் வரட்டும் என்று, 2000க்குப் பின் பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இன்று பல கிராமங்களில் இது வழக்கமாகிவிட்டது. சோறு, பருப்பு, காய்கறி, நூடுல்ஸ் போன்ற துக்பா எல்லாம் உண்டு. சைவர்களுக்குப் பிரச்சினை இல்லை. உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர் எல்லோருக்கும் பிடிக்காது. கழிப்பறையைப் பற்றி மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அங்கே தண்ணீர் ஊற்றக் கூடாது, மண்ணைத் தள்ளி மூட வேண்டும். அதுதான் அடுத்த ஆண்டு வயலுக்கு உரம்.

ஆனால் இந்தப் பயணம் நல்லபடியாக முடிவது நடக்காத நாட்களைப் பொறுத்தது. விமானத்தில் போகிறவர்கள் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு எடுக்க வேண்டும். கடைவீதியில் மெல்ல உலாவலாம், அதற்கு மேல் வேண்டாம். லேயில் தங்காமல், விமான நிலையத்திலிருந்து நேரே சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஆல்சிக்குப் போய் அந்த இரு நாட்களைக் கழிப்பது இன்னும் நல்லது. சாலை வழியாக வருவதானால், ஸ்ரீநகரிலிருந்து கார்கிலில் ஓர் இரவு தங்கி வரலாம். மணாலி சாலையில் 4,200 மீட்டருக்கு மேலுள்ள சர்ச்சுவில் இரவு தங்குவது குழந்தைகளுக்கு ஆகாது. சளி, காய்ச்சலில் இருக்கும் பிள்ளையை அழைத்துப்போவதையும் தள்ளிப்போட வேண்டும். டயாமாக்ஸ் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அதை அவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

பெரியவர்களுக்குத் தலை வலித்தால் சொல்லத் தெரியும். நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரியாது. காரணமின்றிச் சிணுங்கும், சாப்பிட மறுக்கும், விளையாடாமல் படுத்துக்கொள்ளும். பயணக் களைப்பு என்று பெற்றோர் சமாதானம் செய்துகொள்கிறார்கள். உயரத்தில் இருக்கும்போது, வேறு காரணம் உறுதியாகும்வரை அதை உயரத்தின் கோளாறு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று மேலே ஏறுவதில்லை. குறையாவிட்டால் இறங்குவது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

ஷாம் பாதையின் பெரிய அனுகூலம் இங்கேதான் தெரிகிறது. யாங்தாங், ஹெமிஸ் ஷுக்பாசன், தெமிஸ்காம் மூன்றுக்கும் இப்போது மோட்டார் சாலை உண்டு. தனிமை தேடிப் போகும் மலையேறிகளுக்கு இது வருத்தம். குடும்பத்துக்கோ அந்தச் சாலைதான் தைரியம். ஒரு டாக்சியைக் கூப்பிட்டுச் சிந்து நதிக்கரைக்கு இறங்கிவிடலாம். லேயில் எஸ்.என்.எம். மருத்துவமனை இருக்கிறது.

இதையெல்லாம் கூட்டினால் எட்டு நாள் வேண்டும். ஓய்வுக்கு இரண்டு, சுற்றிப் பார்க்க ஒன்று, நடைக்கு மூன்று, போக வர ஒன்று. மிச்சம் ஒரு நாளை எந்த வேலைக்கும் ஒதுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். லீவும் விமான டிக்கெட்டும் கணக்காக இருக்கும்போதுதான், ‘இவ்வளவு செலவழித்து வந்துவிட்டோமே’ என்ற எண்ணம் பெற்றோரை மேலே தள்ளுகிறது. கையில் ஒரு நாள் மிச்சமிருந்தால், ‘இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம்’ என்று சொல்ல மனம் வரும். அந்த நாள் தேவைப்படாமலே போனால் நஷ்டமில்லை. தெமிஸ்காமில் ஆப்ரிகாட் மரத்தடியில் பிள்ளைகள் அதைச் செலவழித்துவிடுவார்கள்.