மொன்றியல்: எதிராளியைப் பழித்த சொற்களும் வாக்காளர்களின் எதிர்வினையும்

கனடாவின் மொன்றியல் நகரில், ஐஸ் ஹாக்கி விளையாட்டுக்குப் பெயர்பெற்ற ஃபோரம் அரங்கு, 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதியன்று பெண்களால் நிரம்பி வழிந்தது. அன்று அங்கு திரண்டவர்களின் எண்ணிக்கை சுமார் 14 ஆயிரம். கியூபெக் மாகாணம் கனடாவிலிருந்து பிரிந்து செல்வதற்கான பேச்சுவார்த்தையைத் தொடங்கலாமா என்பது குறித்த கருத்தறியும் வாக்கெடுப்புக்கு அப்போது ஆறு வாரங்களே எஞ்சியிருந்தன.

அந்தப் பெண்களை அங்கு வரவழைத்தது, அமைச்சர் ஒருவர் நான்கு வாரங்களுக்கு முன்னர் மேடையில் கூறிய ஒரு சொல்லாகும். அந்தச் சொல் "இவெட்" என்பது.

அரசியலில் எதிராளியைக் கேலி செய்வது புதிதல்ல. ஆனால் சில கேலிகள் மறுநாளே மறக்கப்படுகின்றன. வேறு சில, சொன்னவரையே திருப்பித் தாக்குகின்றன. எந்தச் சொல் எப்போது திரும்பி வரும் என்பதற்கு மொன்றியல் நகரின் அரசியல் வரலாறு சில தெளிவான உதாரணங்களைத் தருகிறது.

பாடநூலில் இருந்து வந்த பெயர்

லீஸ் பயெட் அப்போது கியூபெக் அரசில் பெண்கள் நிலை குறித்த விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர். பிரிவினை கோரும் பார்ட்டி கியூபெக்குவா கட்சியைச் சேர்ந்தவர். அரசியலுக்கு வரும் முன்னர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் மூலம் மாகாணமெங்கும் அறியப்பட்டவர்.

பள்ளிப் பாடநூல்களில் ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் சித்தரிக்கப்படும் விதத்தை அவர் விமர்சித்து வந்தார். பாடநூலில் கீ என்ற சிறுவன் விளையாட்டுப் போட்டிகளில் வெற்றி பெறுவான். இவெட் என்ற சிறுமியோ தாய்க்கு உதவியாக வீட்டு வேலை செய்வாள். இத்தகைய சித்தரிப்பு மாற வேண்டும் என்பதே அமைச்சரின் வாதம்.

1980 மார்ச் 9ஆம் தேதி மொன்றியலில் நடந்த கூட்டமொன்றில் அவர் ஒரு படி மேலே சென்றார். எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் தலைவர் குளோட் ரயன், கியூபெக் முழுவதும் இவெட்கள் நிறைந்திருப்பதையே விரும்புகிறார் என்றும், அவர் மணந்திருப்பதும் ஓர் இவெட்டையே என்றும் அவர் கூறினார்.

ரயனின் மனைவி மதலேன் பொதுப்பணிகளில் நீண்டகாலம் ஈடுபட்டிருந்தவர். எனவே அந்த வர்ணனை உண்மைக்கே புறம்பானது. இதனை முதலில் கண்டித்தவர்களில் ஒருவர், லெ டெவ்வார் நாளேட்டின் பத்திரிகையாளர் லீஸ் பிசோனெட். அவரும் ஒரு பெண் என்பது அந்தக் கண்டனத்திற்குக் கூடுதல் வலுச் சேர்த்தது.

பயெட் பின்னர் மன்னிப்புக் கோரினார். ஆயினும் அதற்குள் லிபரல் கட்சியைச் சேர்ந்த பெண்கள் அந்தப் பெயரைத் தமதாக்கிக் கொண்டிருந்தனர். மார்ச் மாத இறுதியில் கியூபெக் நகரில் பெரிய அளவில் காலை விருந்தொன்று நடந்தது. அதனைத் தொடர்ந்தே மொன்றியல் ஃபோரம் கூட்டம் இடம்பெற்றது. கியூபெக் பெண்களுக்கு 1940ஆம் ஆண்டில் மாகாண வாக்குரிமை கிடைக்கப் போராடிய தெரேஸ் காஸ்கிரேன் போன்றோரும் அந்த மேடையில் இருந்தனர்.

எதிர்க்கட்சித் தலைவரைக் குறிவைத்து வீசப்பட்ட சொல், வீட்டைக் கவனித்துக்கொண்டே வாழ்நாளைக் கழித்த பல்லாயிரம் பெண்களைச் சென்று தைத்தது. தம் உழைப்பை ஓர் அமைச்சர், அதுவும் பெண்களுக்காகவே நியமிக்கப்பட்ட அமைச்சர், இழிவுபடுத்திவிட்டார் என அவர்கள் கருதினர்.

பெயரில் ஒரு பகுதி

அதே பிரசாரத்தின் இறுதிக் கட்டத்தில் மற்றொரு சர்ச்சை எழுந்தது. கனடாவின் பிரதமர் பியேர் எலியட் ட்ரூடோ மொன்றியலில் பிறந்தவர்; பிரிவினையைக் கடுமையாக எதிர்த்தவர். அவரது பெயரில் உள்ள எலியட் என்ற ஆங்கிலப் பகுதியைச் சுட்டிக்காட்டி, அந்தப் பகுதியே அவரை இவ்வாறு பேச வைக்கிறது என்ற பொருள்பட மாகாண முதல்வர் ரெனே லெவெக் கருத்து வெளியிட்டார்.

மே 14ஆம் தேதி மொன்றியலின் போல் சொவே அரங்கில் ட்ரூடோ அதற்குப் பதிலளித்தார். எலியட் என்பது தமது தாயாரின் குடும்பப் பெயர் என்றும், அந்தக் குடும்பம் கனடாவில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகிறது என்றும் அவர் கூறினார். லெவெக்கின் சொந்தக் கட்சியிலேயே இருந்த பியேர் மார்க் ஜோன்சன், லூயி ஓநீல் போன்றோரின் பெயர்களை எடுத்துரைத்து, அவர்களும் கியூபெக்கினர் அல்லரா என அவர் வினவினார்.

பிரதமரின் வாதங்களை விடுத்து அவரது பிறப்பைப் பற்றிப் பேசியதால், முதல்வரின் கருத்து அவரது சொந்த அணியினர் சிலரையும் சேர்த்தே காயப்படுத்தியது. ட்ரூடோ அந்த இடத்தைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டார். அன்றைய உரை அவரது அரசியல் வாழ்வின் மிகச் சிறந்த உரைகளுள் ஒன்றாக இன்றும் கருதப்படுகிறது.

மே 20ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் சுமார் 60 சதவீதத்தினர் "வேண்டாம்" என்றும், சுமார் 40 சதவீதத்தினர் "வேண்டும்" என்றும் வாக்களித்தனர். இந்த இடைவெளிக்கு இரண்டு சொற்களை மட்டும் காரணமாகக் கூற முடியாது. பொருளாதாரம் குறித்த அச்சமும், அரசியலமைப்பைச் சீர்திருத்துவதாக ட்ரூடோ அளித்த வாக்குறுதியும் முக்கியப் பங்கு வகித்தன. ஆனால் சோர்ந்திருந்த "வேண்டாம்" அணிக்கு உற்சாகம் அளித்தது இவெட் விவகாரமே என்பதில் பலரும் உடன்படுகின்றனர்.

வாய் கோணியவர் என்ற விளம்பரம்

1993ஆம் ஆண்டு கனடியப் பொதுத்தேர்தலில் கேலிக்கு உள்ளானது எதிர்க்கட்சித் தலைவரின் முகம். லிபரல் கட்சித் தலைவர் ஜான் கிரெத்தியன், கியூபெக்கின் ஷவினிகன் நகரைச் சேர்ந்தவர். சிறுவயதில் ஏற்பட்ட நோயினால் அவரது முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்திருந்தது. வாயின் ஒரு பக்கத்தால் மட்டுமே அவரால் பேச முடியும். அவர் பேசிய ஆங்கிலமும் பிரெஞ்சு வாடை நிறைந்தது.

ஆளும் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி, அவரது முகத்தை நெருக்கத்தில் காட்டி, இவர் பிரதமராகத் தகுந்தவரா என்ற தொனியில் தொலைக்காட்சி விளம்பரத்தை வெளியிட்டது. பொதுமக்களின் சீற்றம் உடனடியாக வெளிப்பட்டது. ஆளும் கட்சியின் வேட்பாளர்களே அதனைக் கண்டித்தனர். பிரதமர் கிம் கேம்பல் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றார்.

கிரெத்தியன் கோபத்துடன் பதிலளிக்கவில்லை. சிறுவயது முதலே பிறர் தம்மைக் கேலி செய்து வந்துள்ளனர் என்றும், அந்தக் குறையைத் தாம் ஏற்றுக்கொண்டுவிட்டதாகவும் அவர் கூறினார். உடற்குறையுடன் வாழும் எவரும், அவர்களைப் பெற்ற எவரும், அந்தப் பதிலில் தம்மைக் கண்டனர்.

1988ஆம் ஆண்டில் 169 இடங்களை வென்றிருந்த ஆளும் கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்தவை இரண்டே இடங்கள். அந்தக் கட்சி ஏற்கனவே செல்வாக்கு இழந்திருந்தது என்பது உண்மை. பொருளாதாரத் தேக்கமும் புதிய விற்பனை வரியும் மக்களிடையே கடும் வெறுப்பை ஏற்படுத்தியிருந்தன. அந்த விளம்பரம், விழவிருந்த கட்சியை மீள முடியாதவாறு தள்ளிவிட்டது எனலாம்.

எதிர்வினை பிளவுபட்டபோது

ஆனால் இத்தகைய கேலி எப்போதும் திருப்பித் தாக்கும் என்று கூறுவதற்கில்லை. அதற்கு 2008ஆம் ஆண்டுத் தேர்தல் சான்று.

மொன்றியலின் சென் லோரன் கார்ச்சியேவில் தொகுதியைப் பிரதிநிதித்துவப்படுத்திய ஸ்டெஃபான் டியோன் அப்போது எதிர்க்கட்சித் தலைவர். வாக்குப்பதிவுக்கு ஐந்து நாட்களே இருந்த நிலையில், அக்டோபர் 9ஆம் தேதி ஹாலிஃபாக்ஸ் நகரில் ஆங்கிலத் தொலைக்காட்சி ஒன்றுக்கு அவர் பேட்டி அளித்தார். அவர் இப்போது பிரதமராக இருந்தால் பொருளாதார நெருக்கடி தொடர்பில் ஏற்கனவே என்ன செய்திருப்பார் என்பது கேள்வி. அது எந்தக் காலத்தைக் குறிக்கிறது என்பது அவருக்குப் புரியவில்லை. மீண்டும் தொடங்கலாமா என அவர் பலமுறை கேட்டார். அதற்கு அனுமதியும் அளிக்கப்பட்டது. ஆனால் அந்தத் தடுமாற்றங்கள் அனைத்தும் பின்னர் ஒளிபரப்பாயின.

பிரதமர் ஸ்டீவன் ஹார்ப்பர் அதனை உடனே கையில் எடுத்தார். இது மொழிப் பிரச்சினை அல்ல, பொருளாதாரம் குறித்து டியோனிடம் திட்டமே இல்லை என்பதே பிரச்சினை என அவர் வாதிட்டார். சத்தத்தின் நடுவே சொற்களைப் பிரித்தறிவதில் டியோனுக்குச் சிரமம் உண்டு என்பது முன்னரே வெளிவந்த தகவல்.

எதிர்வினை இரண்டாகப் பிளந்தது. இரண்டாம் மொழியில் பேசித் தடுமாறிய அனுபவம் உள்ளவர்கள் கொதித்தனர். மற்றவர்களோ அதனைத் தலைமைத் தகுதிக்கான சோதனையாகப் பார்த்தனர். தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 143 இடங்களையும், லிபரல் கட்சி 77 இடங்களையும் பெற்றன. தனியார் ஒலிபரப்பாளர்களின் தரநிலைகளைக் கண்காணிக்கும் மன்றம், அந்த ஒளிபரப்பு நடத்தை விதிகளை மீறியது என 2009ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதற்குள் டியோன் கட்சித் தலைமையிலிருந்து விலகியிருந்தார்.

கிரெத்தியன் விவகாரத்திற்கும் இதற்கும் இடையே உள்ள வேறுபாடு முக்கியமானது. 1993இல் கேலி அப்பட்டமாக இருந்தது. 2008இல் அதே ஏளனம் பொருளாதாரம் என்ற போர்வைக்குள் வந்தது. அதனைக் கண்டிக்க விரும்பியவர்கள், அது ஏளனம்தான் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கான கால அவகாசமும் இருக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான அனுபவம் உண்டு. 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது, அப்போதைய எதிர்க்கட்சியான திமுகவின் ஆ.ராசா, முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமியின் அரசியல் வளர்ச்சியைப் பிறப்புடன் ஒப்பிட்டுப் பேசியது பெரும் கண்டனத்திற்கு உள்ளானது. பழனிசாமி தமது தாயாரை நினைவுகூர்ந்து பிரசார மேடையில் கண்கலங்கினார். ராசா மன்னிப்புக் கோரினார். தேர்தல் ஆணையம் அவர் 48 மணி நேரம் பிரசாரம் செய்யத் தடை விதித்தது. ஆயினும் அந்தத் தேர்தலில் திமுக அணி 159 இடங்களுடன் ஆட்சியைப் பிடித்தது. கண்டனம் எழுவது வேறு, வாக்கு மாறுவது வேறு என்பதை இது காட்டுகிறது.

வாக்காளரே இலக்கானபோது

மொன்றியலில் இந்த விவகாரம் தமிழர்களையும் நேரடியாகத் தொட்டது 1995ஆம் ஆண்டில். அக்டோபர் 30ஆம் தேதி நடந்த இரண்டாவது கருத்தறியும் வாக்கெடுப்பில், பிரிவினை அணி 54,288 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றது. அன்றிரவு தோல்வியை ஒப்புக்கொண்டு பேசிய மாகாண முதல்வர் ஜாக் பரிசோ, தமது அணியைத் தோற்கடித்தவை பணமும் சில இனக்குழுக்களின் வாக்குகளுமே என்றார்.

அவரது கட்சியினர் பலரும் அதிர்ச்சி தெரிவித்தனர். மறுநாள் அவர் பதவி விலகும் முடிவை அறிவித்தார். அதே பிரசாரத்தின்போது, ஒட்டாவா நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த லூசியன் பூஷார், வெள்ளை இனங்களில் மிகக் குறைவாகப் பிள்ளை பெறுவோரில் கியூபெக்கினரும் அடங்குவர் எனக் கூறிக் கண்டனத்திற்கு உள்ளாகியிருந்தார். ஆனால் அவரது செல்வாக்கு அதனால் பெரிதும் சரியவில்லை. பரிசோவுக்குப் பின் முதல்வரானவரும் அவரே.

இலங்கை உள்நாட்டுப் போரினால் இடம்பெயர்ந்த தமிழர்கள், மொன்றியலின் கோட் டெ நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் போன்ற பகுதிகளில் குடியேறினர். 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின்படி, குடியேறியோரின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் பிரெஞ்சு மொழியிலேயே கற்க வேண்டும். இதனால் வீட்டில் தமிழும், பள்ளியில் பிரெஞ்சும், தெருவில் ஆங்கிலமும் பேசும் தலைமுறை ஒன்று அங்கு வளர்ந்துள்ளது. அவர்களின் பெற்றோரோ, நடுவயதில் கற்ற பிரெஞ்சு மொழியைத் தமிழ் வாடையுடன் பேசுபவர்கள்.

அத்தகையோருக்கு, ஒரு தலைவரின் உச்சரிப்போ பெயரோ கேலிக்கு உள்ளாவது தொலைதூரச் செய்தியல்ல. பிரதமராக விரும்பும் ஒருவரின் பேச்சுக்கே இந்த நிலை என்றால், வேலைக்கான நேர்முகத் தேர்விலும் மருத்துவமனை வரவேற்பு மேசையிலும் தமது பேச்சு எவ்வாறு எடைபோடப்படும் என்ற கேள்வி அவர்களுக்கு எழுவது இயல்பு.

மொன்றியலின் அனுபவத்திலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, தலைவரை நோக்கிய இழிசொல்லில் வாக்காளர்கள் தம்மையே கண்டால் மட்டுமே எதிர்ப்பு இயக்கமாக மாறுகிறது. இரண்டாவது, இழிவுபடுத்தியவரின் சொந்த அணியில் இருந்து வரும் கண்டனமே அதிக எடை பெறுகிறது. மூன்றாவது, பாதிக்கப்பட்டவர் நிதானமாகவும் விரைவாகவும் பதில் அளிப்பது அவசியம்.

இந்த மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் சொன்னவர் விலை கொடுக்க நேர்கிறது. டியோனுக்கு நேர்ந்தது போல, இவற்றில் ஒன்றோ இரண்டோ இல்லாதபோது, விலையைச் செலுத்துவது இழிவுபடுத்தப்பட்டவராகவே இருக்கிறார். தீர்ப்புகளும் மன்னிப்புகளும் வருகின்றன. ஆனால் பெரும்பாலும் வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்ட பின்னரே வருகின்றன.